கேலிபரேட்டரின் விசில்

வியாழன் இரவு, லாபு.

ஆலைக்குச் சத்தம் அளக்கும் எந்த மீட்டரை வாங்குவது என்று நாளைக் காலைக்குள் நான் சொல்லியாக வேண்டும். மேனேஜருக்குக் கேலிபரேட்டர் வேண்டாமாம். மீட்டரின் மைக்கில் மாட்டினால், மாறாத ஒரே அளவில் விசிலடிக்கும் சின்ன உருளை அது. அந்த விசிலை வைத்துச் சரிபார்க்காவிட்டால் மீட்டர் காட்டுவதை யார் நம்புவது? இது அவருக்கு ஏன் புரியவில்லை?

சாயங்காலம் கடைக்காரர் தந்த சாம்பிள் கேலிபரேட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்து முடுக்கினேன்.

"என்னாடி அது கீச்சுனு? நிறுத்து லா!" என்று அம்மா அடுப்படியிலிருந்து கத்தினார்.

எதிரே இருந்த அப்பா பேப்பரிலிருந்து நிமிரவே இல்லை. ஓய்வு பெறும்வரை எங்கள் ஆலையின் என்ஜின் அறையில் வேலை பார்த்தவர். உருளையை அவர் கையில் கொடுத்து, "சத்தம் போடுதுப்பா" என்று காதருகே கத்தினேன்.

திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுந்து போய் ஸ்குரூடிரைவர் எடுத்துவந்தார். பேரிங் தேய்ந்துவிட்டதா என்று அந்த நாளில் கேட்டுப் பார்த்ததுபோலவே, நுனியை உருளையில் ஊன்றி, பிடியைக் காதில் அழுத்திக் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஒண்ணுமே கேக்கல. சாமான் கெட்டுப்போச்சு லா. கடைக்காரன் உன்ன ஏமாத்திட்டான்."

"ஆமாப்பா" என்றேன். பட்டனை மெல்ல அழுத்தி அணைத்தேன். விசில் நின்றது.

அப்பா கண்ணைத் திறக்கவில்லை.

"இரு, இரு. இப்பத்தான் லேசா கேக்குது."