உன் ஆறாவது கட்டுரை

இன்று காலை சட்டையைத் துவைக்கப் போடும்போது பையில் ஒரு தாள் தட்டுப்பட்டது. நேற்று உன் நினைவுக் கூட்டத்தில் நான் வாசித்த பட்டியல். நீ எழுதிய ஆய்வுக் கட்டுரைகள் மொத்தம் பதினொன்று. ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதை எத்தனை பேர் தங்கள் கட்டுரைகளில் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்ற எண். எண்களை நிரப்பியவன் நான். நீயாக இருந்தால் அந்த எண்களையெல்லாம் அடித்திருப்பாய்.

திருச்சியில் அந்த மருத்துவக் கல்லூரியின் உயிர்வேதியியல் துறையில் நாம் இருவரும் ஒரே வாரத்தில்தான் சேர்ந்தோம். காலையில் டீயோடு என் மேற்கோள் கணக்கைப் பார்ப்பது எனக்குக் கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பது போல. "எத்தனை பேரு நம்ம பேரைச் சொன்னாங்கங்கிறத விடுடா. எத்தனை பேரு திருப்பிச் செஞ்சு பாத்தாங்க, அதைச் சொல்லு" என்பாய். எரிச்சலாக இருக்கும். "லால்குடிக்காரன் நெல்லு விளையிற வேகத்துலதான் எழுதுவான்" என்று பதிலுக்குச் சீண்டுவேன். நீ சிரித்துவிட்டு, செய்த சோதனையையே மறுபடி செய்யப் போய்விடுவாய்.

உன் பட்டியலில் அதிகம் மேற்கோள் காட்டப்பட்டது ஆறாவது கட்டுரை. துறையூர்ப் பக்கம் வயல்வேலை செய்யும் பெண்களின் ரத்தத்தில் பொட்டாசியம் கூடுதல் என்று நாம் சேர்ந்து எழுதியது. முதல் பெயர் உன்னுடையது. ரத்தம் எடுத்த குழாய்கள் எல்லாம் ஒரே வாரத்தில் பஸ்ஸில் திருச்சிக்கு வந்தன. சித்திரை வெயில். அந்த வாரம் தங்கை கல்யாணத்துக்கு நீ ஊருக்குப் போயிருந்தாய். குழாய்களை எப்படி அனுப்புவது என்று துறையூர் நர்ஸ் என்னிடம் போனில் கேட்டார். "ஐஸ் போட்டு அனுப்பிடுங்க சிஸ்டர்" என்றேன். சர்க்கரை பார்ப்பதற்கு அது நல்ல யோசனை. பொட்டாசியத்துக்கு அதைவிடக் கெடுதல் இல்லை. குளிரில் ரத்த அணுக்கள் பொட்டாசியத்தைக் கசியவிடும். குழாயைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. வருடாவருடம் மாணவர்களுக்கு நாமே நடத்தும் பாடம். முடிவு கூடுதலாக வந்த சந்தோஷத்தில் எனக்கு அது நினைவுக்கே வரவில்லை.

இரண்டு வருடம் கழித்து நீ மறுபடி ரத்தம் எடுத்து, அங்கேயே அணுக்களை நீக்கிச் சீரத்தை மட்டும் பிரித்துக் கொண்டுவந்து பார்த்தாய். எல்லாம் சாதாரண அளவு. பழைய பதிவேட்டில் குழாய்கள் ஐஸில் வந்ததாகக் குறிப்பு இருந்தது. கேன்டீனில் என் எதிரே உட்கார்ந்து, "ஐஸ் போடச் சொன்னது யாருடா?" என்று கேட்டாய். பதவி உயர்வு நேர்முகம் அடுத்த மாதம். ஒரே இடம், நாம் இருவரும் போட்டி. "சிஸ்டரே போட்டிருப்பாங்க" என்றேன்.

கட்டுரையை வாபஸ் வாங்கும் கடிதத்தை அன்றே எழுதினாய். "இன்டர்வியூ முடியட்டும்டா" என்று கெஞ்சினேன். "அதுக்குள்ள எவனாவது டாக்டர் இதை நம்பி ஒரு அம்மாவுக்கு மருந்தை மாத்திட்டா?" என்றாய். மாதிரிகளைக் கையாண்டதில் பிழை என்று மட்டும் கடிதத்தில் இருந்தது. முதல் பெயர் உன்னுடையது என்பதால் பழியும் உன்மேல் விழுந்தது. கவனமில்லாதவன் என்று உன்னைச் சொன்னார்கள். உன்னை! பதவி எனக்கு வந்தது. நீ கடைசிவரை அதே நாற்காலியில் இருந்தாய். வாபஸ் ஆன பிறகும் அதை யாராவது மேற்கோள் காட்டினால், அவர்களுக்கு நீயே கடிதம் எழுதித் தெரிவிப்பாய். நான் பக்கத்து அறையில் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

நேற்று மேடை ஏறுமுன் துறைத்தலைவர் என் காதருகே வந்து, "ஆறாவதை விட்டுடுங்க சார், இந்த நேரத்துல எதுக்கு?" என்றார். ஐந்து வரை வாசித்தேன். நிறுத்தினேன். பிறகு ஆறாவதையும் வாசித்து, ஐஸ் போடச் சொன்னது நான்தான், கேட்டபோது நர்ஸ்மேல் பழி போட்டதும் நான்தான் என்று சொன்னேன். மீதி ஐந்தையும் வாசித்துவிட்டு இறங்கினேன்.

கூட்டம் முடிந்ததும் உன் மனைவி என்னிடம் வந்தார்.

"எனக்குத் தெரியும்ணே. அந்த நர்சம்மாகிட்ட அவரு அன்னிக்கே போன்ல கேட்டுட்டாரு."

"அப்ப ஏம்மா யாருமே என்னைக் கேக்கல?"

"அவனே சொல்லுவான், நீ கேட்டுடாதேன்னாரு."

ஒவ்வொரு ஆடிப்பெருக்குக்கும் அம்மா மண்டபத்தில் காவிரியைக் கும்பிட்டுவிட்டு, ஸ்ரீரங்கத்தில் உன் வீட்டில்தான் நாங்கள் சாப்பிட்டோம். எல்லாம் தெரிந்தும் உன் மனைவி எனக்கு இலை போட்டார். எல்லாம் தெரிந்தும் நீ, "அவனுக்கு இன்னும் கொஞ்சம் தேங்காய் சாதம் வை" என்றாய். அந்த ஒவ்வொரு முறையும் நான் சொல்லிவிடுவேன் என்று நீ காத்திருந்திருக்கிறாய். சொல்லிவிட்டேன்டா. கேட்கத்தான் நீ இல்லை.