முன்கண்ணாடிக்கு மேல் உள்ள பன்னிரண்டு சொற்கள்

அனுப்புநர்
பெ. பூபதி (வயது 54),
த/பெ. பெரியசாமி,
லாரி உரிமையாளர்,
சங்ககிரி வட்டம், சேலம் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு வருவாய்க் கோட்டாட்சியர் அவர்கள்,
வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகம்.

பொருள்: பறிமுதல் செய்யப்பட்ட எனது லாரியினுள் ஏலத்திற்கு முன் பத்து நிமிடம் ஏறிப் பார்க்க அனுமதி கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முதுகுத்தண்டு தேய்ந்ததால் நான் ஸ்டீயரிங் பிடிப்பதை நிறுத்தி, ஆனந்தகுமார் என்பவரை ஓட்டுநராக வைத்தேன். அவர் அனுமதிச்சீட்டு இல்லாமல் கிராவல் மண் ஏற்றிப் பிடிபட்டார். லாரி பதினான்கு மாதமாகத் தங்கள் அலுவலக வளாகத்தில் நிற்கிறது. அந்தத் தவறுக்கு நான் சாக்குச் சொல்லவில்லை. லாரியையும் திருப்பிக் கேட்கவில்லை. வரும் 27ஆம் தேதி ஏலம் என்று அறிந்தேன். ஏலம் கேட்க என்னிடம் பணமில்லை.

2. லாரியில் உள்ள என் உடைமையை எடுக்க அனுமதி கேட்டு இதுவரை நான்கு மனு கொடுத்துள்ளேன். நான்கும் திரும்பின. "பொருள் என்னன்னு எழுதாம எப்படிங்க உள்ள உடறது?" என்று பிரிவு எழுத்தர் கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான். எழுதாததற்கு எனக்கும் ஒரு காரணம் இருந்தது.

3. கொரோனாவில் லாரி ஓடாமல் நின்றபோது பிட்காயினைப் பற்றித் தெரிந்துகொண்டேன். அந்த ஆனியிலிருந்து, விலை ஏறினாலும் இறங்கினாலும், மாதம் ஐந்தாம் தேதி மூவாயிரத்துக்கு வாங்கினேன். ரூபாயில் கணக்குப் பார்த்தால் தூக்கம் போய்விடும் என்று டயரில் பார்த்தேன். ஒரு சமயம் ஏழு டயர் விலைக்கு இருந்தது, மறு வருடம் மூன்றாகக் குறைந்தது. "ஏனுங்க, அந்தக் காசுல லாரிக்கு நாலு டயராவது மாத்தியிருக்கலாமுங்களே" என்றார் என் மனைவி உண்ணாமலை. அப்போதும் விற்கவில்லை. லாரி பிடிபட்டதோடு வாங்குவது நின்றது. இன்றைக்கு இருபது டயருக்கு மேல் வரும். எங்கள் வயதான காலத்துக்கு வேறு சேமிப்பு இல்லை. விற்றால் உரிய வரியைக் கட்டிவிடுவேன்.

4. வாங்கிய செல்போன் பழுதானால், வேறு போனில் அதைத் திறக்கப் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள் வேண்டும். வரிசை மாறக் கூடாது. காகிதத்தில் வைத்தால் கரையான் அரித்துவிடும் என்று பயந்தேன். எங்கள் பக்கத்து லாரிகளில் முன்கண்ணாடிக்கு மேல் உட்புறப் பலகையில் பிள்ளைகளின் பெயரை எழுதுவது வழக்கம். அந்த இடத்தில், என் மகள் யாழினியின் பெயருக்குக் கீழே, பெயிண்டர் கலைமணியைக் கொண்டு பன்னிரண்டையும் தமிழ் எழுத்தில் எழுத வைத்தேன். பிறகு காகிதத்தை எரித்தேன். அன்று என்னை மிஞ்சிய கெட்டிக்காரன் இல்லை என்று நினைத்தேன். சென்ற ஐப்பசி மழையில் நனைந்து என் செல்போனும் போய்விட்டது. ஏழு சொற்கள் நினைவில் உள்ளன. ஐந்து வரவில்லை; எதற்கென்று தெரியாமல் எழுதிய கலைமணிக்கும் அவை நினைவில்லை.

5. சுற்றுச்சுவருக்கு வெளியே நின்றும் பார்த்தேன். கண்ணாடியில் தூசிதான் தெரிகிறது. பலகை உள்பக்கம் பார்த்தபடி இருக்கிறது.

6. அந்தச் சொற்கள் எதற்கென்று தெரிந்து யார் படித்தாலும் பணம் அவருடையது. என்னுடையது என்று நிரூபிக்க ரசீதோ சாட்சியோ கிடையாது. அதனால்தான் நான்கு மனுவிலும் வாய் திறக்கவில்லை. ஏலம் எடுப்பவர் பழைய இரும்புக்கு லாரியை உடைத்தால் பலகை அடுப்புக்குப் போய்விடும் என்பதால் இன்று எழுதிவிட்டேன். இம்மனு தங்கள் மேசைக்கு வருமுன் குறைந்தது ஐந்து பேர் கையில் போகும் என்பது எனக்குத் தெரியும். அவர்களை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. மிகவும் சலித்துவிட்டேன் ஐயா.

7. ஆகவே, அலுவலர் ஒருவர் முன்னிலையில் லாரியில் ஏறி அந்தச் சொற்களை எழுதிக்கொள்ளவும், பின்னர் பலகையில் அவற்றை மட்டும் சுரண்டி அழிக்கவும் அனுமதி தருமாறு பணிந்து வேண்டுகிறேன். மகளின் பெயர் இருந்துவிட்டுப் போகட்டும். தாங்கள் இதைப் படிக்கும்போது அந்தச் சொற்களை ஏற்கெனவே யாரேனும் சுரண்டியிருந்தால், இம்மனுவின் மீது நடவடிக்கை ஏதும் தேவையில்லை.

இணைப்பு: முந்தைய நான்கு மனுக்களின் ஒப்புகைச் சீட்டு, வாகனப் பதிவுச் சான்று நகல்.

நாள்: 12.01.2026
இடம்: சங்ககிரி

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
பெ. பூபதி