சேவல் தூரத்தில் கூவுகிற பதிவு

குருநகர்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மகன் றஜிந்தனுக்கு, அம்மா எழுதுவது. மாதாவின் புண்ணியத்தில் நாங்கள் மூவரும் சுகம். நீயும் சுகமாயிருக்கிறாய் என்றே நினைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் போனில் எதைக் கேட்டாலும் "ஓம் அம்மா" என்றுதான் சொல்வாய். வசந்தினி அக்கா செவ்வாய்க்கிழமை ரொறன்ரோவுக்குப் புறப்படுகிறாள், அவள் பெட்டியில் ஒடியல் மாவும் நெத்தலிக் கருவாடும் இந்தக் கடிதமும் வருகின்றன. கருவாட்டை அறையில் மற்றப் பொடியன்கள் இருக்கும்போது பொரிக்காதே, பிறகு வீடு தேட வேண்டிவரும். அப்பாவின் போட் என்ஜின் திருத்தியாயிற்று, இந்தக் கிழமை இறாலும் பரவாயில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். மாதா கோயில் பெருநாளுக்கு நீ செய்த பாட்டின் முதல் பதிவை அழித்துவிட்டு, சத்தம் ஏற்றிய இரண்டாவதைத்தான் பங்குச் சுவாமிக்கு அனுப்பப் போகிறாயாம், அதுவும் எடுபடாவிட்டால் பாட்டுச் செய்வதையே விட்டுவிடுவாயாம். தங்கச்சி நிரோஜினிக்கு எழுதினால் அம்மாவுக்குத் தெரியவராது என்று நினைத்தாயாக்கும். எல்லாம் உன் மச்சான் சுபாஸ் பார்த்த வேலை. தன் ஓட்டோவில் உன் பாட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு, "பாட்டு நல்லம் மச்சான், ஆனா சத்தம் காணாது, மற்றப் பாட்டுகளுக்குப் பிறகு போட்டால் செத்தமாதிரிக் கிடக்கு" என்று உனக்குச் சொன்னானாம். எங்கள் ஊரில் பாட்டை ஓட்டோவிலும் போட்டிலும் வைத்துத்தானே நிறுக்கிறார்கள், என்ஜினை வென்றால் நல்ல பாட்டு. நீயும் அந்தத் தராசை நம்பி, மெல்லிய இடங்களைத் தூக்கி, உயர்ந்த இடங்களை அமுக்கி, முழுப் பாட்டையும் ஒரே மட்டமாய்த் தட்டிவைத்திருக்கிறாய். அவனோடு கோபிக்காதே, எனக்குக் காய்ச்சல் வந்தபோது ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போனவன் அவன்தான். பாசம் இருக்கிறது, காதுதான் இல்லை.

நேற்று நிரோஜினி இரண்டு பதிவையும் தன் போனில் அடுத்தடுத்துப் போட்டாள். எனக்கு இரண்டும் ஒரே அளவு சத்தமாய்த்தான் கேட்டது, இதற்கா இந்தப் பாடு என்று கேட்டேன். அவள் போனைத் துழாவிப் பார்த்துவிட்டு, பாட்டுகளின் சத்தத்தைச் சமப்படுத்துகிற தெரிவு அதில் போட்டுக் கிடக்கிறது, அது உரத்த பாட்டைக் குறைத்து மெல்லிய பாட்டைக் கூட்டும் என்றாள். அப்படியானால் பாட்டுப் பழுதாகாதோ என்றதற்கு, "உது பாட்டை ஒண்டும் செய்யாதம்மா, நாங்கள் குமிழைத் திருப்பிற மாதிரித்தான்" என்றாள். உனக்கு இது பாலர் வகுப்புப் பாடம், எனக்குப் புதினம். ஆனால் சத்தம் சமமான பிறகுதான், ராசா, வித்தியாசம் காதில் விழுந்தது. போன மார்கழியில் நத்தாருக்கு வந்தபோது வீட்டில் வைத்து என்னைப் பாடச் சொல்லிப் பதிவு பிடித்தாயே, முதல் பதிவில் அது மெல்லத் தொடங்குகிறது, ஒழுங்கைக் கடைசி மீனாம்பிகை வீட்டுச் சேவல் எங்கோ தூரத்தில் கூவுகிறது, நான் மூச்சை இழுக்கிறேன், அதன் பிறகு மேளம் விழும்போது நெஞ்சில் தட்டுகிறது. இரண்டாவதில் அந்தச் சேவல் என் மடியில் இருந்து கூவுகிறது. எங்கள் வீட்டு ஃபானும் கூடச் சேர்ந்து பாடுகிறது. மேளம் விழுந்ததே தெரியவில்லை. நீ ஏற்றின சத்தத்தைப் போன் இறக்கிவிட்டது, அமுக்கினது மட்டும் அப்படியே இருக்கிறது. சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது.

நான் சும்மா இருப்பேனா, ஒலிபெருக்கிக்கார ஜெறோமைக் கோயிலடியில் மறித்துக் கேட்டேன். அவருடைய பெட்டியில் அந்தத் தெரிவு இல்லையாம், உன் பாட்டு வரும்போது தானே கையால் கூட்டிவிடுகிறாராம், கடலில் நிற்கிறவர்களுக்கும் கேட்குமாம். சத்தம் காணாவிட்டால் திருப்பக் குமிழ் இருக்கிறது மகன், நசுங்கின பாட்டை நிமிர்த்த என்ன இருக்கிறது? நீ கெட்டிக்காரன், உன் கையில் நல்ல பாட்டு இருக்கிறது, அதை நீயே குறைத்து நினைப்பதுதான் எனக்குக் கவலை.

அப்பாவைத் தெரியும்தானே, என்ஜினோடு கிடந்து ஒரு காது மந்தம், புகழ்ந்து ஒரு சொல் வாயில் வராது. பின்னேரம் அவர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருக்கும்போது முதல் பதிவைப் போட்டோம். பாட்டுத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் எழுந்து போனார். பிடிக்கவில்லையாக்கும் என்று எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் போய் ஃபானை நிறுத்திவிட்டு வந்து, போனுக்குப் பக்கத்தில் நல்ல காதை வைத்துக்கொண்டு இருந்தார். இந்த ஆனி வெக்கையில், வேர்வை வழிய வழிய. முடிந்ததும், "திருப்பிப் போடு பிள்ளை" என்றார்.

முதல் பதிவையே சுவாமிக்கு அனுப்பு, மறந்துவிடாதே. மாதா உன்னையும் உன் கைவேலையையும் காப்பாற்றுவா.

என்றும் உன்னை நினைத்திருக்கும் அம்மா,
செ. லூர்த்தம்மா