மங்கம்மாவின் வயிற்றுக்குள்

2 ஜூலை 2024, செவ்வாய்

காலையில் தீவிலிருந்து ஃபெர்ரி பிடித்து ஷஹீரா என்று ஒரு பெண் வந்தாள். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியாம். என் இரண்டு மாடுகளின் சாணமும் வேண்டுமாம். எருவுக்கா என்றேன். "இல்லக்கா, அதுல இருக்கற கிருமிக்கு." தோள்வரை உறை மாட்டிக்கொண்டு மங்கம்மாவின் வாலைத் தூக்கினாள். மங்கம்மா திரும்பி என்னைத்தான் முறைத்தாள்.

16 ஜூலை

முடிவு வந்தது. மங்கம்மாவின் குடலில் கெட்ட கிருமி. ஈ.கோலையில் ஒரு வகையாம். கோலம் மாதிரி அழகான பெயர்! சாணத்தில் கோடிக்கணக்கில் கொட்டுகிறது. மாட்டுக்கு ஒன்றும் செய்யாது. அது மடியில் பட்டு, பாலைக் காய்ச்சாமல் குடித்தால் மனிதர்களுக்கு ரத்தமாகப் போகும். மடியைக் கழுவிக் கறக்க வேண்டும், காய்ச்சித்தான் குடிக்க வேண்டும் என்றாள்.

என் இன்னொரு மாடு புல்டோசருக்கு எதுவுமே இல்லையாம். புல்டோசருக்கு! இரண்டு வருஷமாகச் சொட்டுப் பால் கிடையாது. போன மாதம் என் கைலியைத் தின்றது. "அது கொடல்ல நல்ல கிருமிங்க நிறைய இருக்குக்கா. காலையில ஃபெர்ரியில கூட்டம் நெரியற மாதிரி. கெட்டதுக்கு நிக்க எடமில்ல."

தினமும் குளிப்பாட்டி, பொட்டு வைத்து வளர்க்கிறேன். என் மங்கம்மாவுக்கா?

23 ஜூலை

மங்கம்மாவின் தீவனத்தில் கலக்க நல்ல கிருமிப் பொடி தந்தாள். கெட்டது குறைகிறதா என்று வாராவாரம் பார்ப்பாளாம்.

30 ஜூலை

அடை மழை. ஷஹீரா போன் செய்தாள். "வர முடியலக்கா. மங்கம்மா போட்டதும் நீங்களே டப்பாவுல எடுத்து வைங்க, ஆள் அனுப்புறேன்."

எடுத்து வைத்தேன்.

புல்டோசருடையதை.

சாணம்தானே. யாருக்கு என்ன நஷ்டம்?

6 ஆகஸ்ட்

அவளுக்கு வேறு வேலையாம். மறுபடியும் டப்பா. மறுபடியும் புல்டோசர்.

13 ஆகஸ்ட்

அதேதான். கை பழகிவிட்டது.

20 ஆகஸ்ட்

போனில் கத்தினாள். "அக்கா! ஜீரோ! மங்கம்மா ஜீரோ லா!" பேராசிரியர் நம்பாமல் இரண்டு தடவை சோதித்தாராம். கோலாலம்பூர் மாநாட்டில் மங்கம்மாவின் படத்தைப் பெரிதாகப் போடுவார்களாம். மாலை போட்டுப் படம் எடுத்து அனுப்பினேன். மாலையைப் புல்டோசர் தின்றுவிட்டது.

சந்தோஷம் தாங்காமல், என்னிடம் பால் வாங்கும் டீக்கடை இப்ராஹிம் அண்ணனிடம் பீற்றிக்கொண்டேன்.

22 ஆகஸ்ட்

பாலோடு அவர் கடைக்குப் போனால் வாசலில் புது அட்டை. 'காய்ச்சாத பசும்பால், ஐஸ் போட்டது. இன்று முதல்.'

"உங்க மாட்டுக்குத்தான் கிருமியே கெடையாதே, தங்கச்சி! மொத கிளாஸ் என் பேத்திக்கு," என்றார். அந்தக் குழந்தை அங்கேயே ஸ்ட்ராவோடு உட்கார்ந்திருந்தது.

ஐயோ, என்ன வேல பண்ணி வச்சிருக்கேன் நான்!

"குடுக்காதீங்கண்ணே! அது மங்கம்மாவோடது இல்ல!"

"பாலா?"

"சாணி!"

கடை முழுவதும் திரும்பிப் பார்த்தது. ஒருவர் தன் டீயை மெதுவாகத் தள்ளி வைத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் அட்டையைக் கழற்றிவிட்டுப் பாலை அடுப்பில் ஏற்றினார்.

அங்கிருந்தே ஷஹீராவுக்கும் போன் போட்டுச் சொன்னேன். "ஏன்க்கா?" என்று மட்டும் கேட்டாள்.

என்னத்த சொல்றது? எம் புள்ளைய குத்தம் சொன்ன மாதிரி இருந்துச்சு. அவ்ளோதான்.

27 ஆகஸ்ட்

ஷஹீரா வரவில்லை.

3 செப்டம்பர்

வந்தாள். பேராசிரியரிடம் திட்டு வாங்கி, மாநாட்டிலிருந்து தன் பெயரை எடுத்துவிட்டு வந்திருக்கிறாள். எல்லாம் முதலிலிருந்து. "இனிமே நானேதான் எடுப்பேன்," என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

வாலைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். பாதி கேட்பதற்குள் மங்கம்மா என் மேலேயே போட்டுவிட்டாள். ஷஹீரா உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை. சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

8 அக்டோபர்

பொடி வேலை செய்கிறது. கிருமி பாதியாகக் குறைந்திருக்கிறது. ஜீரோ இல்லை. "பாதின்னாலும் நெசம்க்கா," என்றாள்.

22 அக்டோபர்

இன்னும் மாடுகள் தேவையாம். சிவநேசன் அண்ணன் கொட்டகைக்கு அவளைக் கூட்டிப்போனேன். ஆறு மாடு வைத்திருக்கிறார். கேட்டைத் திறக்கவே இல்லை.

"எங்க மாடெல்லாம் சுத்தம்மா. வேற எடம் பாருங்க."

ஷஹீரா கிளம்பப் பார்த்தாள்.

"அண்ணே, என் மங்கம்மாவுக்கே இருக்கு," என்றேன்.

"ருக்குமணி, உன் மாட்டுக்கா?"

"என் மாட்டுக்குத்தான். தெருவுல யாரை வேணா கேட்டுப் பாருங்க, எல்லாருக்கும் தெரியும்."

அவர் தன் மாடுகளைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். பிறகு கேட்டைத் திறந்தார்.