சக்கரமில்லாத கம்பெனி பஸ்

எனக்கு மறதி வந்துவிட்டதாகக் கோடை முகாமில் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. கரும்பலகையில் கம்பெனி பஸ் வரைந்தபோது சக்கரங்களை நான் மறக்கவில்லை; வேண்டுமென்றே விட்டேன். உனக்காவது அது தெரிய வேண்டும். உன் பழைய பெருங்காய டப்பாவில்தான் இப்போது சாக்பீஸ் வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து கை கழுவிய பிறகும் விரலில் உன் பெருங்காய வாசனை.

நாம் சேர்ந்து நடத்திய முகாம்களில் முதல் நாள் நீ எப்போதும் அப்படித்தான் வரைவாய். போச்சம்பள்ளி ஆலைகளில் வேலை செய்பவர்களின் பிள்ளைகள், தமிழா தெலுங்கா கன்னடமா, எதில் பேசுவதென்று தயங்கி உட்கார்ந்திருப்பார்கள். பஸ்ஸைப் பார்த்ததும் கூச்சல் கிளம்பும்.

"மிஸ், சக்கரமே இல்ல! எங்கப்பா ஷிப்டுக்கு எப்படிப் போவாரு?"

"உங்கப்பாவ எறங்கித் தள்ளச் சொல்லுடா!"

சிரிப்பு அடங்குவதற்குள் ஆளுக்கொரு சாக்பீஸோடு பலகையை மொய்த்துவிடுவார்கள். எட்டாவதைத் தாண்டாத உன்னிடம் அப்படி ஓடினார்கள். கான்வென்டில் படித்த நான் வருகைப் பதிவேட்டோடு ஓரமாக நின்றேன். எனக்கு இருந்தது பொறாமை. வேறு பெயர் சொல்லி அதை மறைக்க மாட்டேன்.

ஒரு வருடம், பிள்ளைகள் வாய் திறப்பதற்குள் நானே எழுந்துபோய் இரண்டு சக்கரங்களையும் வட்டம் பிசகாமல் போட்டேன். "கவனமாக வரையக் கூடாதா?" என்று அவர்கள் முன்னாலேயே உன்னைக் கேட்டேன். வகுப்பு அமைதியாகிவிட்டது. அதை ஒழுங்கு என்று நினைத்துக்கொண்டேன். மாலையில் டீயை ஆற்றிக் கொடுத்தபடி நீ சொன்னாய்: "அந்தச் சக்கரம் அவங்களுது, அக்கா." அவ்வளவுதான். நீ கோபிக்கக்கூட இல்லை, அதற்கும் பொறாமைப்பட்டேன்.

நீ கண்மூடிய பிறகு வந்த முதல் கோடை இது. நேற்று நான் பஸ் வரைந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். ஒரு குழந்தையும் கத்தவில்லை. முன்வரிசைச் சிறுமி ஒருத்தி மட்டும் எழுந்து வந்து, என் கையிலிருந்து சாக்பீஸை மெதுவாக வாங்கினாள்.

"பரவால்ல ஆயா, மறந்துட்டீங்க. நீங்க குந்துங்க, நான் போட்டுடறேன்."

உனக்கு மிஸ், எனக்கு ஆயா! அவள் போட்ட வட்டம் கோணல். டஸ்டரைக் கையில் எடுத்தேன். ஆனாலும் அழிக்கவில்லை, அதை உன்னிடம்தான் கற்றேன்.

திங்கட்கிழமை குருபரப்பள்ளியில் அடுத்த முகாம். அங்கும் சக்கரமில்லாத பஸ்தான் வரையப்போகிறேன். வரைந்த பிறகு நீ முகத்தை எப்படி வைத்துக்கொள்வாய்? அந்தக் கூச்சலை எப்படி வரவழைத்தாய்? ஒரு தடவையாவது அது எனக்கு வேண்டும். கனவில் வந்து சிரித்துவிட்டுப் போனால் போதாது. பிழை இருந்தாலும் திருத்த மாட்டேன். எழுத்தில் பதில் அனுப்பு.