ரோசாப்பூக்காரன் வேடம்

ரூ பிலிப்-து-ஜிரார், பாரிஸ்,
9.3.1986

அன்புள்ள அண்ணைக்கு,

நாங்கள் சுகம். பாரிசுக்குப் படிக்கப் போன பிள்ளை மேடையில் பிரெஞ்சுப் பாட்டுப் பாடுகிறான் என்று எங்கள் ஐயா உங்களைத் தலைமுழுகியபோது நான் சின்னப்பிள்ளை. உங்கள் இசைத்தட்டை ஒளித்துவைத்துக் கேட்டிருக்கிறேன். இப்போது இதே ஊரில் இருந்தும் போன ஞாயிறுதானே முதன்முதலாய் வீட்டுக்கு வந்தீர்கள்? பாடவும் நடிக்கவும் இப்போது யாரும் கூப்பிடுவதில்லை என்று நீங்கள் சொன்னது மனதை விட்டுப் போகவில்லை.

நீங்கள் வந்துபோனதில் இவருக்கு ஒரே புளுகம், சந்தோசம் தாங்கவில்லை. "சாப்பாட்டுக் கடையளிலை ரோசாப்பூ விக்கிறவனிட்டை ஆர் இவ்வளவு நேரம் கதை கேட்பினம்?" என்கிறார். மேசைகளில் பிரெஞ்சில் என்ன சொல்லி விற்பார் என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தீர்களாம்.

அடிக்கடி வாருங்கள்.

உங்கள் அன்புத் தங்கச்சி,
மார்கிரட்

2.2.1987

அன்புத் தங்கச்சி,

நான் நடித்த பிரெஞ்சுப் படம் வெளியாகிவிட்டது. சின்ன வேடம்தான். ஆனாலும் இருபது வருடத்துக்குப் பிறகு பேப்பரில் என் பெயர் வருகிறது. மச்சான் மடுத்தீனையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்.

அண்ணன்,
ஸ்ரனிஸ்லாஸ்

1.3.1987

அன்புள்ள அண்ணைக்கு,

படம் பார்த்தோம். நீங்கள் பூவோடு வந்து வாய் திறந்ததுமே தியேட்டர் முழுக்கச் சிரித்தது. இவரும் சிரித்தார். கொஞ்சத்தில் என் பக்கம் குனிந்து, "இது நான் கதைக்கிற மாதிரியெல்லே?" என்றார். இல்லை என்று சொன்னேன். ஓம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

இப்போது சாப்பாட்டுக் கடைகளில் இவரைக் கண்டதும் அந்த வசனத்தைச் சொல்லச் சொல்லிச் சிரிக்கிறார்களாம். இவர் வாயே திறப்பதில்லை. பூவை நீட்டி, விரலால் விலை காட்டுகிறார்.

எங்களுக்கு முதலே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணை.

மார்கிரட்

15.3.1987

தங்கச்சி,

மச்சானிடம் மன்னிப்புக் கேட்க நேற்று உங்கள் தெருவரை வந்தேன். படியேறத் துணிவில்லாமல் மூலைக் கஃபேயில் உட்கார்ந்தேன். அங்கே சிலர் என்னை அடையாளம் கண்டு, அந்தப் பூக்காரனைச் செய்து காட்டச் சொன்னார்கள். மாட்டேன் என்றிருக்கலாம். எத்தனையோ வருடமாக யாரும் என்னிடம் எதையும் கேட்டதில்லை, தங்கச்சி. செய்தேன். கைதட்டினார்கள்.

திரும்பினால் மச்சான் பூக்களோடு வாசலில் நின்றார். அப்படியே திரும்பிப் போய்விட்டார். என்னால் தலைநிமிர முடியவில்லை. உன்னிடம் என்ன சொன்னார்?

ஸ்ரனிஸ்லாஸ்

22.3.1987

அண்ணைக்கு,

நீங்கள் எழுதிய கஃபே விசயத்தை இவர் எனக்குச் சொல்லவில்லை. "உம்மடை அண்ணையைக் கண்டனான். நல்லா மெலிஞ்சு போனார். ஒருநாள் சாப்பிடக் கூப்பிடும்" என்று மட்டும்தான் சொன்னார்.

கூப்பிடத்தான் இருந்தேன். உங்கள் கடிதம் வந்தது. இனி என்னால் முடியாது.

மார்கிரட்