மூன்றாவது மைக்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, சளி இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று உனக்கு வருத்தம் இருக்கும். விசாரணை எப்படிப் போச்சு, மைக் மிக்சர் வேலை செஞ்சுதா என்று நீ மூன்று தடவை கேட்டாய். எல்லாம் நல்லா நடந்துச்சு என்று மூன்று தடவையும் மழுப்பினேன். அப்போது சொல்ல வாய் வரவில்லை, இப்போது எழுதுகிறேன். ஆற அமர உட்கார்ந்து படி, பாதியில் போனை எடுத்து அப்பாவைக் கூப்பிட்டுவிடாதே.

மூன்றாம் மாடித் தச்சர் வீட்டம்மா படிக்கட்டில் விழுந்தது உனக்குத் தெரியும். ஈரத்துணி வாளியோடு இறங்கியவளின் காலுக்கடியில், படி திரும்புகிற இடத்துத் தளம் அப்படியே பெயர்ந்து, ஒரு மாடி கீழே போய் விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்து இரண்டு மாதமாகப் படுக்கையில் இருக்கிறாள். சோப்புத் தண்ணீரில் அவள்தான் வழுக்கி விழுந்தாள், விழுந்த வேகத்தில்தான் தளம் உடைந்தது என்று கட்டடத்துக்குச் சொந்தக்காரக் கம்பெனி, அதான் அப்பா வேலை பார்க்கிற கம்பெனி, சொல்லிவிட்டது. முதல் விசாரணையில் கம்பெனி ஆள்தான் மைக் வைத்திருந்தான். மேனேஜர் பேசும்போது மணி மாதிரிக் கேட்ட மைக், குடியிருப்பவர்கள் பேசப் போனால் கொர்ரென்று இரைந்துவிட்டுச் செத்துப்போனது. கடைசியில் வந்த விசாரணைப் பதிவின் நகலில் நம் பக்கத்துப் பேச்செல்லாம் 'தெளிவாகக் கேட்கவில்லை' என்று இருந்தது. அதைப் பார்த்த விசாரணை அதிகாரி, அந்த அம்மா ரொம்பக் கண்டிப்பு, அடுத்த முறை குடியிருப்பவர்களே மைக் வைக்கட்டும், இரண்டு பக்கமும் அதில்தான் பேச வேண்டும், பதிவும் அதிலேயே ஆகட்டும் என்று உத்தரவு போட்டுவிட்டார். உடனே குடியிருப்பவர்கள் சங்கச் செயலாளர் நம் வீட்டுக் கதவைத் தட்டினார். அதுதான் நீ நெட்டையார் என்பாயே, அந்தத் தையல்காரர். 'அக்கா, உங்க பொண்ணு ஒரு மிக்சி வச்சிருந்துச்சே, பாட்டுக்குப் போடுறது, அதைக் கொஞ்சம் எடுத்துட்டு வர முடியுமா' என்றார். மிக்சி இல்லைங்க மிக்சர் என்று நான் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. நெட்டையார் போனதும், 'உனக்கு எதுக்கு இந்த வம்பு, கம்பெனி வீட்ல குடியிருந்துக்கிட்டு' என்றார். நான் எந்தப் பக்கமும் இல்லை, பொத்தானைத் திருப்பப் போகிறேன், அவ்வளவுதானே என்றேன். அவர் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். அதையும் நான் வேறு மாதிரிதான் நினைத்துக்கொண்டேன்.

நீ போனில் சொல்லிக்கொடுத்ததை நோட்டில் எழுதி வைத்திருந்தேன். எட்டரை மணிக்கே கீழ்த்தளக் கூடத்துக்குப் போய்ச் சுவரோரமாக மேசை போட்டு மிக்சரை வைத்தேன். காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியைக் கிழித்து, ஒன்று அதிகாரி, இரண்டு கம்பெனி, மூன்று சாட்சி, நான்கு குடியிருப்பவர்கள் என்று எழுதி, அந்தந்தக் கட்டைக்குக் கீழே ஒட்டினேன். நீ ஃபேடர் என்கிறாய், எனக்கு அது கட்டைதான், மேலே தள்ளினால் சத்தம் கூடுகிறது, கீழே இழுத்தால் அடங்குகிறது. எல்லாக் கட்டையையும் கீழே இழுத்துவிட்டு, முதலில் மிக்சர், கடைசியில் ஸ்பீக்கர் என்று நீ சொன்ன வரிசையிலேயே போட்டேன். நெட்டையாரை ஒவ்வொரு மைக்கிலும் எண்ணச் சொல்லி, மைக் எவ்வளவு சத்தம் வாங்கலாம் என்று வைக்கிற மேல் வரிசைக் கெயின் குமிழை, சத்தம் மிஞ்சினால் எரிகிற சிவப்பு விளக்கு எட்டிப் பார்க்கிற வரைக்கும் திருப்பி, அங்கேயிருந்து கொஞ்சம் பின்னால் இழுத்தேன். ஆனாலும் ஒரு தப்பு செய்துவிட்டேன். ஸ்பீக்கரை அதிகாரியின் நாற்காலிக்குப் பின்னால் வைத்துவிட்டேன். கூட்டம் வந்து உட்கார்ந்த பிறகு முதல் மைக்கைத் திறந்தேனோ இல்லையோ, கூடமே காதைப் பொத்துகிற மாதிரி ஒரு ஊளை. மேனேஜர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பின்வரிசையில் யாரோ 'கம்பெனிக்காரர் பொண்டாட்டிகிட்ட கொடுத்தா இப்படித்தான்' என்றது காதில் விழுந்தது. மைக்குக்கு முன்னால்தான் ஸ்பீக்கர் இருக்க வேண்டும் என்று நோட்டில் எழுதியிருந்தேனே, எழுதி என்ன. நெட்டையாரும் நானும் அதைத் தூக்கி முன்னால் வைத்தோம், ஊளை நின்றது. உன் பழைய லேப்டாப்பில் பதிவும் ஓட ஆரம்பித்தது.

தச்சர் பேசினார், இரண்டாம் மாடி டீச்சர் பேசினார், எல்லாம் ஒழுங்காகக் கேட்டது. அப்புறம் அதிகாரி, கட்டடத்து லிஃப்ட் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள் என்றார். அப்பா பெயர் சாட்சிப் பட்டியலில் இருந்தது எனக்கு அப்போதுதான் தெரியும் கண்ணு. வீட்டில் மூச்சு விடவில்லை. சட்டைப் பையைத் தடவிக்கொண்டே வந்து மூன்றாவது மைக் முன்னால் உட்கார்ந்தார். அதிகாரி ஏதோ ஒரு காகிதத்தைத் தேடிக்கொண்டிருந்தார். திறக்கும் முன்பு ஒவ்வொரு மைக்கையும் ஹெட்போனில் மட்டும் கேட்டுப் பார்த்துக்கொள் என்று நீ சொன்னதால், கட்டை கீழேயே இருக்க, அந்தச் சின்னப் பொத்தானை அழுத்தினேன். அந்த நேரம் பார்த்து மேனேஜர் எழுந்து அப்பா பக்கத்தில் வந்தார். மைக்கை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். ஸ்பீக்கரில் ஒன்றும் வரவில்லை, அது அவருக்குப் போதுமாக இருந்தது. என் காதிலோ அந்தத் தட்டு இடி மாதிரி விழுந்தது. குனிந்து அவர் சொன்னது ஒரு சொல் விடாமல் எனக்குக் கேட்டது. 'ரிப்போர்ட்னு ஒண்ணு நீங்க எழுதவே இல்ல. வாய்ல ஏதோ சொன்னீங்க, அதுவும் லிஃப்ட் சத்தத்தைப் பத்தி. புரியுதா? ரிட்டயர் ஆக ஏழு மாசம்தானே இருக்கு, வீட்டையும் கொஞ்சம் நெனச்சுப் பாருங்க.' அதற்கு அப்பா சொன்னது ஒரே சொல். 'சரிங்க.'

இந்த ஒரு சொல்லை உனக்கு எழுதலாமா என்று நேற்று அவரையே கேட்டேன். 'எழுது. அதை விட்டுட்டு மத்ததை எழுதினா நீயும் பொய் சொன்ன மாதிரி' என்றார். அதனால் எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரி டெலிபோன் போர்டில் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்தவள் நான். டாக்டர்கள் வீட்டுச் சண்டை, செத்துப்போன செய்தி, எத்தனை ரகசியம் இந்தக் காதில் விழுந்திருக்கும். ஒன்றையும் வெளியே விட்டதில்லை. காதில் விழுந்தது காதோடு போக வேண்டும், அதுதான் நான் செய்த வேலை. மேனேஜர் குனிந்து பேசிய நேரம் முழுக்க என் விரல் மூன்றாவது கட்டையின் மேல் இருந்தது. அரை விரற்கடை மேலே தள்ளியிருந்தால் மேனேஜர் வண்டவாளம் கூடம் முழுக்கக் கேட்டிருக்கும். அதோடு சேர்ந்து உன் அப்பாவின் 'சரிங்க'வும் கேட்டிருக்கும். இருநூறு பேர் நடுவில், அந்தக் குரலில். இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. தச்சர் வீட்டம்மாவைப் பார்க்க இரண்டு மாதமாகத் தினமும் என்னை ஸ்கூட்டரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் விடுவார், ஒரு நாள்கூட வார்டுக்கு மேலே வந்ததில்லை, பார்க்கிங்கிலேயே நிற்பார். மருந்து வாடை ஒத்துக்கொள்ளாது என்பார். நானும் நம்பினேன்.

மேனேஜர் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார். அதிகாரி, பேசலாம் என்றார். அப்பா வாயைத் திறந்தார். நான் கட்டையைத் தூக்கவில்லை. வேண்டுமென்றுதான் தூக்கவில்லை. உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை, 'கேக்கல, கேக்கல' என்று கூட்டம் கத்தியது. மைக் வேலை செய்யவில்லை போல என்று அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். நான் ஹெட்போனை ஒரு பக்கம் விலக்கி, காதைத் தொட்டுக் காட்டி, அப்புறம் அவர் முன்னால் இருந்த மைக்கைக் காட்டினேன். அவ்வளவுதான் செய்தேன். அவர் முகம் வெளுத்துப்போனதைக் கண்ணால் பார்த்தேன். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் அப்படிப் பார்த்துக்கொண்டதில்லை. பிறகு நான் மெதுவாகக் கட்டையை மேலே தள்ளினேன். முதலில் அவர் மூச்சுதான் கூடம் முழுக்கக் கேட்டது.

'ஆறு மாசத்துக்கு முன்னாடி நான் எழுதிக் கொடுத்தேன்' என்றார். 'லிஃப்ட் ஓடுற தண்டவாளம் நேரா நிக்கல, சுவர்ல இருக்கிற போல்ட் தானா தளருதேன்னு பாத்தேன். பாத்தா சுவரே நகந்திருக்கு. அந்த விரிசல் மூணாவது மாடிப் படிக்கட்டுக்குள்ள போகுது. மூணு பக்கம் எழுதி ஆபீஸ்ல கொடுத்தேன். கொடுத்ததோட என் வேலை முடிஞ்சுதுன்னு இருந்துட்டேன். லிஃப்டை மட்டும் சரி பண்ணிட்டு, படிக்கட்டைப் பத்தி யார்கிட்டயும் வாயத் திறக்கல. என் பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லல.' மைக்கைப் பிடித்துக்கொண்டு வாயருகில் வைத்தே பேசியதால் சிவப்பு விளக்கு விடாமல் எரிந்தது. அழுகையில் எனக்குக் கண் மறைத்தது, தடவித் தடவித்தான் கெயின் குமிழைக் குறைத்தேன்.

உடனே மேனேஜர் எழுந்து கத்த ஆரம்பித்தார், இவர் பொய் சொல்கிறார், அப்படி ஒரு ரிப்போர்ட்டே வரவில்லை, குடியிருப்பவர்களோடு சேர்ந்துகொண்டார் என்று. நெட்டையார் ஓடி வந்து என் மேசையில் குனிந்து, 'அக்கா, ரெண்டாம் நம்பரை மூடுங்கக்கா, அன்னைக்கு நமக்குச் செஞ்சாங்கல்ல' என்றார். மூடிவிட எனக்கும் கை துறுதுறுத்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் போர்டில் உட்கார்ந்தவள் ஒருத்தருக்கு லைன் கொடுத்து ஒருத்தருக்கு அறுக்கக் கூடாது. இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒரே உயரத்தில் வைத்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டேன். மேனேஜர் இன்னும் சத்தமாக, 'மூணு பக்கமாம் மூணு பக்கம்! படிக்கட்டைப் பத்தி அதுல இருந்ததே ஒரு வரிதான்!' என்றார்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். 'எதில் ஒரு வரி இருந்தது?' என்று கேட்டார். பதிவைத் திரும்பப் போடச் சொன்னார். லேப்டாப்பில் இரண்டு நிமிஷம் பின்னால் போய் ஓடவிட்டேன், அந்த ஒரு வரி கூடம் முழுக்க மறுபடி கேட்டது. அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை. படிக்கட்டுப் பக்கத்துப் பன்னிரண்டு வீடும் மறுநாள் சாயங்காலத்துக்குள் காலியாக வேண்டும், இரும்புத் தூண் முட்டுக் கொடுக்க வேண்டும், தச்சர் வீட்டம்மாவின் வைத்தியம் முழுக்கக் கம்பெனி பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். முட்டுக் கொடுக்க வந்தவர்கள் பூச்சைத் தட்டியபோது இரண்டாம் மாடியில் படி திரும்புகிற தளமும் கையோடு வந்துவிட்டது. டீச்சர் வீட்டுக் குழந்தைகள் இரண்டும் தினம் ஓடி விளையாடுகிற இடம் அது.

நல்லது செய்தோம் என்று யாரும் எங்களைத் தோளில் தூக்கவில்லை. தச்சர் அப்பாவிடம் நேராக வந்து, 'நீங்க எழுதின பிறகும் நாலு மாசம் என் வீட்டுக்காரி அந்தப் படியில ஏறி இறங்குனா, நீங்க பாத்துட்டுத்தானே இருந்தீங்க' என்றார். அப்பா தலை குனிந்து நின்றார். வீட்டுக்கு வந்ததும், 'எவ்வளவு கேட்ட' என்றார். எல்லாம் என்றேன். மூன்று நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை, உன்னிடம் என்ன மறைப்பு. அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துக் கடிதம் வந்துவிட்டது, வீட்டை இந்த மாதக் கடைசியில் காலி செய்ய வேண்டும். பேக்கரிக்குப் பின்னால் இரண்டு அறை பார்த்திருக்கிறோம், வெளிச்சம் குறைவு, ஆனால் தரைத்தளம்.

நான்காம் நாள் என்னை ஆஸ்பத்திரியில் விட்டவர், ஸ்கூட்டரைப் பூட்டிவிட்டுக் கூடவே மாடி ஏறி வந்தார். தச்சர் வீட்டம்மா அவரைப் பார்த்தாள், திட்டவில்லை, வாங்க என்றும் சொல்லவில்லை. 'அந்த மூணு பக்கம் இருக்கா?' என்று கேட்டாள். சட்டைப் பையில் நகல் இருந்தது. 'படிங்க' என்றாள். அவர் கட்டிலருகே நின்றபடியே படித்தார். போல்ட், தண்டவாளம், அளவு என்று அவளுக்குப் புரியாததெல்லாம் வந்தது, அவள் கண்ணை எடுக்காமல் கேட்டாள். மூன்றாம் பக்கத்தில் ஓரிடத்தில் அப்பா படிப்பதை நிறுத்திவிட்டார். அவள் கையை நீட்டிக் காகிதத்தை வாங்கி, எழுத்துக்கூட்டி அந்த வரியைத் தானே வாசித்தாள். 'ஆட்கள் நடமாடும் இடம், உடனே கவனிக்கவும்.' இரண்டு முறை வாசித்தாள். அப்புறம் காகிதத்தை மடித்துத் தன் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, இவரை உட்காரச் சொன்னாள்.

நீ லீவு போட்டுக்கொண்டு ஓடி வர வேண்டாம், அவசரம் ஒன்றும் இல்லை. அப்பா போனில் பேசினால் இதைப் பற்றி நீயாக எடுக்காதே, அவர் எடுத்தால் குறுக்கே பேசாமல் கேள். குளிரில் காதை மூடிக்கொண்டு போ, இரவல் ஹெட்போன் போடாதே, நேரங்கெட்ட நேரத்தில் சாப்பிடாதே. எங்கள் ஆயுசில் மிச்சம் இருக்கிற நல்லதெல்லாம் உனக்கே வந்து சேரட்டும். புது விலாசத்தை உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன், இனிமேல் அதற்கே எழுது.

உன் மேல் உயிராக இருக்கும்
அம்மா